ஒற்றைக் காலில் நில்லுங்கள், பாட்டி!

முதியோர் தடுக்கி விழாமலிருக்க உடற்பயிற்சி செய்ய வேண்டுமாம். அக்டோபர் 1, முதியோர் தினம் வந்தால் மேடை போட்டுச் சொல்கிறார்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழ வேண்டும். ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். அடிமேல் அடி வைத்து நேர்கோட்டில் நடக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டிக்கு வீட்டில் நாற்காலி கிடையாது. கூட்டத்திலும் கிடையாது, அதெல்லாம் முன்வரிசைக்கு.

அரசாங்கத்தைக் குறை சொல்லக் கூடாது. சென்னை முழுக்கப் பயிற்சிக்கூடம் கட்டி வைத்திருக்கிறது. கூவம் கரையிலிருந்து பெயர்த்தெடுத்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்காக அடுக்கி, லிஃப்டும் வைத்து, அந்த லிஃப்டுக்கு அடிக்கடி ஓய்வும் கொடுத்திருக்கிறார்கள். குடத்தோடு ஏழு மாடி ஏறுவதைவிடத் தொடைக்கு நல்ல பயிற்சி உண்டா? சமநிலை பழக, மழைநீர் வடிகால்மேல் ஆடுகிற மூடி. வேகம் பழக, கட்டணமில்லாப் பயணக் கூட்டத்தைக் கண்டதும் நிறுத்தம் தாண்டிப் போய் நிற்கும் பேருந்து. ஓடிப்போய் ஒரு காலைப் படியில் வைப்பதற்குள் விசில் ஊதிவிடுவார்கள். ஒற்றைக் கால் பாடம் அங்கேயே முடிந்தது.

பயிற்சி பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். முறையாகச் செய்தால் விழுவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைகிறது என்று 2019இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம் 1990களில் வகுத்த முறையில், செவிலியரோ இயன்முறை மருத்துவரோ வீட்டுக்கே வந்து, கணுக்காலில் எடை கட்டிவிட்டு, காலில் பலம் ஏற ஏறப் பயிற்சியைக் கூட்டுவார். இங்கும் 2021இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தது, கூடவே வீடு தேடி இயன்முறை மருத்துவமும். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அது தேடி வருவது பெரும்பாலும் முடங்கிப் படுத்தவர்களைத்தான். நடமாடுகிற பாட்டி அந்தத் தகுதியைப் பெற வேண்டுமானால் முதலில் விழுந்தாக வேண்டும்!

தசைக்குப் புரதம் வேண்டும், தினம் முட்டை சாப்பிடுங்கள் என்கிறார் டாக்டர். முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு, 79 வயது வரை, மாதம் 200 ரூபாய். 2007இலும் இதே 200தான். அரிசி ஏறியது, பருப்பு ஏறியது, எம்.பி.க்களின் சம்பளமும் ஏறியது; அது மட்டும் ஒரு அங்குலம்கூட அசையாமல் நிற்கிறது. சமநிலைப் பயிற்சியில் அதை மிஞ்ச நாட்டில் ஆள் இல்லை. பொன்னாடையை அதற்கே போர்த்துங்கள்.