இரவல் குரல்

மெல்லிசைக் கச்சேரிக்கு நடுவே மிமிக்ரி என்று ஒன்று உண்டு. எண்பதுகளில் மதுரைப் பக்கத்துத் திருவிழா மேடைகளைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பாடகி தொண்டையை நனைத்துக்கொள்ளவும் டிரம்ஸ்காரர் டீ குடித்துவிட்டு வரவும் கால் மணி நேரம் வேண்டும். அதற்காகவே ஒருவரைக் கூட்டி வந்திருப்பார்கள். நோட்டீஸில் அவர் பெயர் 'பல குரல் மன்னன்' என்ற பட்டத்தோடு கடைசி வரியில் இருக்கும். மைக்கை இரண்டு கைகளாலும் பொத்தி, வாயை அதில் ஒட்டி, முதலில் ரயில் விடுவார். ரயில் கிளம்பி, வேகம் பிடித்து, பாலம் தாண்டி, தூரத்தில் மறைகிற வரைக்கும் தெருவில் பேச்சு மூச்சு இருக்காது. அடுத்து நாய்ச் சண்டை. அப்புறம் சிவாஜி, நம்பியார், சுருளிராஜன், தேங்காய் சீனிவாசன். எம்.ஆர். ராதா கட்டாயம் வேண்டும். அடித்தொண்டையில் கரகரவென்று ஆரம்பித்துப் பாதி வாக்கியத்தில் கீச்சென்று மேலே தாவுகிற அந்தக் குரல் வராதவரை ஊர் மிமிக்ரிக்காரர் என்றே ஒப்புக்கொள்ளாது.

அது சுலபமான மேடையல்ல. டிக்கெட் இல்லாத கூட்டம். பிடிக்காவிட்டால் எழுந்து போவதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. முன்னால் பாயில் பிள்ளைகள், ஓரமாகப் பெண்கள், சைக்கிள் கேரியரில் இளவட்டங்கள், கடைசியில் போதையில் நாலு பேர். ஆறு வயதுக்கும் எழுபது வயதுக்கும் ஒரே வரியில் சிரிப்பு வர வேண்டும். போதாததற்கு, நிகழ்ச்சி சூடுபிடிக்கும் நேரம் பார்த்துக் கமிட்டிக்காரர் மேடை ஏறி மைக்கைப் பிடுங்கி, "கச்சேரியைப் பாராட்டி இன்னார் அன்பளிப்பு ரூபாய் ஐம்பத்தொன்று" என்பார். எத்தனையோ கலைஞர்கள் அந்த இடத்தில் தடுமாறிக் கூட்டத்தைக் கோட்டைவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

நான் நேரில் பார்த்த மிகச் சிறந்தவர்களில் ஒருவரை அப்படியொரு தருணத்தில்தான் கண்டுகொண்டேன். ஒல்லியான மனிதர், தொளதொள சட்டை. கமிட்டிக்காரர் அறிவிப்பை முடித்ததும் மைக்கை வாங்கி, அதே அறிவிப்பை நம்பியார் குரலில், கையைப் பிசைந்துகொண்டே திரும்பச் சொன்னார். ஐம்பத்தொரு ரூபாய் அன்பளிப்பு ஒரு கொலைத் திட்டமாக மாறிவிட்டது. தெருவே உருண்டது. அவ்வளவுதான், அடுத்த ஐந்து நிமிஷத்தில் மேடை ஓரம் வரிசை கட்டிவிட்டது. "எம் பேரை எம்ஜிஆர் மாதிரிச் சொல்லுங்கண்ணே", "எங்கப்பா பேரைச் சிவாஜி சொல்லணும்" என்று ஆளாளுக்குப் பத்தும் இருபதுமாக நீட்டினார்கள். இடைஞ்சலாக வந்ததையே நிகழ்ச்சியாக மாற்றிக்கொண்டார் அவர். கச்சேரிக்காரர்கள் தயாராகி வந்தும் கூட்டம் அவரை இறங்க விடவில்லை.

மிக மோசமானவரையும் அதே காலத்தில், அதே மாதிரி ஒரு மேடையில்தான் பார்த்தேன். குரலில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அவர் கொண்டுவந்த சரக்கெல்லாம் திக்குவாய்க்காரர் ஒருவர் பெண் பார்க்கப் போவது, காது கேளாதவர் பஸ்ஸில் டிக்கெட் எடுப்பது, கறுப்பாக இருக்கும் பெண்ணைக் கட்டிக்கொண்டவன் புலம்புவது. திக்குவாய் வந்ததும் கூட்டத்தில் பலர் திரும்பி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்தார்கள். அவருக்குப் பேச்சு திக்கும். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அவரும் சிரித்தார். மறுநாள் டீக்கடையில் அவர் கிளாஸைக் காட்டி, விரலை நீட்டி டீ கேட்டதைப் பார்த்தேன். வாயைத் திறந்து கேட்கவில்லை. ஒரு நகைச்சுவைக் கலைஞனின் வேலை இதுவென்றால் அந்த வேலை தேவையே இல்லை என்று அன்றே தோன்றியது. இன்றும் அதில் மாற்றமில்லை.

ஸ்டாண்ட்-அப் என்பதே இறக்குமதிச் சரக்கு என்று பேசுகிறவர்கள் பட்டிமன்றத்தை மறந்துவிடுகிறார்கள். ஒரு ஆள், ஒரு மைக், எதிரே ஆயிரம் பேர். வேறென்ன வேண்டும்? சாலமன் பாப்பையா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். புறநானூற்றுக்கும் திருக்குறளுக்கும் உரை எழுதியவர். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். அந்தப் படிப்பையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு சந்தைப் பேச்சில் பேசுவார். நேரில் கேட்டால்தான் தெரியும், அவர் நகைச்சுவையில் பாதி சொல்லில் இருக்கிறது, மீதி அந்தச் சொல்லுக்கு முன்னால் இழுக்கிற இழுப்பில். அடுத்து என்ன வரப்போகிறது என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் ஒரு நொடி காக்க வைப்பார். அந்த ஒரு நொடியில்தான் சிரிப்பு வெடிக்கும். தொலைக்காட்சியில் அதை வெட்டிச் சுருக்கிவிடும்போது எனக்கு ஆத்திரமாக வரும். திண்டுக்கல் ஐ. லியோனி பள்ளி ஆசிரியராக இருந்தவர். பழைய பாட்டா புதுப் பாட்டா என்று அவர் நடத்திய பட்டிமன்றங்களின் கேசட் ஓடாத டீக்கடை அன்றைக்குக் கிடையாது. பாரதி பாஸ்கர் வந்த பிறகு வீட்டுப் பெண்ணின் பக்கத்துச் சிரிப்பும் மேடைக்கு வந்தது. அதுவரை மனைவி என்பவள் கிண்டலுக்கு ஆளாக மட்டுமே இருந்தாள்.

பிறகு எல்லாம் மாறிப்போனது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. நோயாளிகளையும் படிக்கிற பிள்ளைகளையும் நினைத்தால் நியாயமான விதிதான். ஆனால் விடிய விடிய நடந்த மேடைகள் அதோடு சுருங்கின. 2005-ல் விஜய் டிவியின் 'கலக்கப் போவது யாரு' வந்தது. நோட்டீஸில் கடைசி வரியாக இருந்தவர்களை அது வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. சிவகார்த்திகேயன் அங்கிருந்து போய்க் கதாநாயகனானார். கோவை குணா, வடிவேல் பாலாஜி, ரோபோ சங்கர் போன்றவர்கள் வீட்டுப் பிள்ளைகள் போல ஆனார்கள். ரோபோ சங்கர் உடம்பெல்லாம் உலோகச் சாயம் பூசிக்கொண்டு ஊர் ஊராக இயந்திர மனிதனாக ஆடியவர். பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான். அந்தச் சாயத்தைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், தோல் என்ன பாடுபட்டிருக்கும் என்று எந்தக் கைத்தட்டலும் கேட்டதில்லை. பாலாஜி 2020-ல் மறைந்தார், குணா 2023-ல், சங்கர் 2025-ல். இவர்களுக்கெல்லாம் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இப்போது சென்னையில் நான் போகும் அரங்குகள் வேறு மாதிரி. காபி ஷாப்பின் மாடி, சின்னக் கறுப்பு மேடை, ஒரு ஸ்டூல், தண்ணீர் பாட்டில், குளிரூட்டி. கார்த்திக் குமாரும் சுனில் விஷ்ணுவும் 2003-ல் தொடங்கிய 'ஈவம்' போன்ற குழுக்கள் நகரத்து மேடைக்குப் பாதை போட்டன. முதலில் ஆங்கிலம் அதிகம். பிறகு தமிழ் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஓப்பன் மைக்கில் ஆளுக்கு ஐந்து நிமிஷம்போலக் கொடுப்பார்கள். நேரம் முடியப்போனால் பின்னால் இருந்து ஒரு வெளிச்சம் காட்டுவார்கள். மேடையேறுகிறவர் யார் குரலையும் இரவல் வாங்குவதில்லை. தன் கதையைத் தன் குரலில் சொல்கிறார். இது பெரிய விடுதலை. அப்பாவைப் பற்றி, சாதியைப் பற்றி, மன அழுத்தத்தைப் பற்றியெல்லாம் தெரு மேடையில் யாரும் வாய் திறந்ததில்லை.

விசித்திரம் என்னவென்றால், இரவல் குரலில் பேசிய காலத்தின் ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியாக ஞாபகம் இருக்கிறது. சொந்தக் குரலில் பேசுகிற இந்தக் காலத்தில் பல பேரை ஒருவரிலிருந்து ஒருவர் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்ஜினீயரிங் காலேஜ், ஐ.டி. மேனேஜர், வரன் பார்க்கும் அம்மா, வாட்ஸ்ஆப் மாமா. சொந்த அனுபவம்தான், எல்லோருக்கும் ஒரே சொந்த அனுபவம். எதிரே இருப்பவர்களும் அதே கல்லூரி, அதே ஆபீஸ் என்பதால் கல்லூரிப் பெயரைச் சொன்னாலே சிரித்துவிடுகிறார்கள். பாயில் உட்கார்ந்த பாட்டியைச் சிரிக்க வைக்கும் பாடு இங்கே இல்லை.

இந்தக் காலத்தின் மிக மோசமானவரும் திறமை இல்லாதவர் அல்ல. ஓப்பன் மைக்கில் புதிதாக வந்து வார்த்தை மறந்து நிற்கும் பையனை நான் ஒருநாளும் மோசம் என்று சொல்ல மாட்டேன். கூட்டம் அவனுக்குக் கைதட்ட வேண்டும். நான் சொல்கிறவர் அனுபவசாலி. எழுதிய நகைச்சுவையை இணையத்தில் போட்டுவிட்டால் அடுத்த ஊரில் அது பழசாகிவிடும். அதனால் பார்வையாளரோடு பேசிப் பிடிக்கும் க்ரவுட் வொர்க் துண்டுகளைத்தான் பலரும் ரீல்ஸாகப் போடுகிறார்கள். ரீல்ஸ் வேண்டுமென்றால் தினமும் யாராவது ஒருவர் அகப்பட வேண்டும். அன்றைக்கு முதல் வரிசையில் கணவரோடு வந்திருந்த ஒரு பெண் அகப்பட்டார். கொஞ்சம் பருமன். கணவர் ஒல்லி. வீட்டில் அரிசி யார் வாங்குவது என்று ஆரம்பித்துக் கட்டில் வரைக்கும் போனார் மேடையில் நின்றவர். அந்தப் பெண் கைப்பையை மடியில் தூக்கி வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டார். ஓரத்தில் முக்காலியில் நின்ற கேமரா அவர் பக்கம் திரும்பியிருந்தது. தெரு மேடையில் டீக்கடை பெஞ்சில் இருந்தவருக்கு நடந்தது இங்கே டிக்கெட் வாங்கி வந்தவருக்கு நடந்தது. அன்றைய அவமானம் அந்தத் தெருவோடு நின்றது. இது எத்தனை போனுக்குப் போயிருக்குமோ.

இந்தக் காலத்தின் சிறந்தவர் யார் என்றால் நான் தயங்காமல் அலெக்ஸாண்டர் பாபு என்பேன். அமெரிக்காவில் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு மேடைக்கு வந்தவர். அவருடைய 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' 2019-ல் அமேசான் பிரைமில் வந்து வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. அதை நேரில் பார்ப்பது வேறு. டி.எம்.எஸ்., பி.பி. ஸ்ரீநிவாஸ், யேசுதாஸ், எஸ்.பி.பி. என்று ஒவ்வொரு குரலாக எடுக்கிறார். எடுத்த குரலை வைத்து யாரையும் இளக்காரம் செய்வதில்லை. அந்தப் பாட்டு தன் வீட்டில், தன் ஊரில் என்ன செய்தது என்று சொல்கிறார். இரவல் குரலும் சொந்தக் கதையும் ஒரே உடம்பில் சேர்ந்துவிடுகின்றன. ஒரு பாட்டின் பாதியில் அவர் நிறுத்த, அரங்கமே மீதியைப் பாடுகிறது. எனக்கு இடப்பக்கம் ஒரு தாத்தா, வலப்பக்கம் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையோடு ஒரு பையன். இருவரும் ஒரே இடத்தில் சிரித்தார்கள், ஒரே இடத்தில் கண்ணைத் துடைத்தார்கள். பிரவீன் குமாரின் குடும்பக் கதைகளுக்கும் இப்படி மூன்று தலைமுறை சேர்ந்து உட்காரலாம். 2020-ல் வந்த 'காமிக்ஸ்தான் செம காமெடி பா'வில் போட்டியிட்ட ஷ்யாமா ஹரிணி போன்ற பெண்கள் தமிழில் தனியாக நின்று பேசுவதைப் பார்க்க, பாரதி பாஸ்கர் திறந்த கதவு இன்னும் அகலமாகிறது என்று சந்தோஷமாக இருக்கிறது.

இவர்களைத் திருவிழா மேடையில் ஏற்ற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு முடித்தால் விதிக்கும் குறைவில்லை. டிக்கெட் இல்லாத கூட்டத்தின் எதிரே நின்றால் இவர்களின் கலையும் இன்னும் ஒரு சுற்று வளரும். எங்கள் கோயில் கமிட்டியில் போய்ச் சொன்னேன். மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. பொருளாளர் மட்டும், "டபுள் மீனிங் வராதுல்ல சார்? பொம்பளைங்க, பிள்ளைங்க உட்காந்திருக்கும்" என்றார். நியாயமான கேள்வி. அது வராதவர்கள் பெயராகப் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.