உடம்பு என்ன பழக்கடையா ஆத்தா?

ஏ, நந்தனம் குடியிருப்புப் புள்ளைகளா! செல்போனைக் கொஞ்சம் கவுத்து வச்சுட்டு இந்தக் காரைக்குடிப் பக்கத்துக் கிழவி சொல்றதைக் கேளுங்கடி. கேட்டுச் சிரிங்க, வேண்டாங்கல. சிரிச்ச கையோட சொன்னதை மறந்துடாதீக, அம்புட்டுத்தான்.

இப்ப என்னமோ பொம்பளை உடம்புக்கெல்லாம் பழத்தோட பேரு வச்சிருக்காகளாம். இடுப்பு அகலமா, தோளு ஒடுக்கமா இருந்தா பேரிக்கா. வயித்துப் பக்கம் சதை போட்டிருந்தா ஆப்பிள். மேலயும் கீழயும் ஒரே அளவு, நடுவுல ஒடுக்கம்னா மணற்கடிகாரம். தோளு அகலம், இடுப்பு சிறுசுன்னா தலைகீழ் முக்கோணம். என் பேத்தி இதை எல்லாம் ஒப்பிச்சுட்டு, தான் பேரிக்கான்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா. "சரி, நான் என்ன பழம்டி?"ன்னேன். ஏற இறங்கப் பாத்துட்டு, "அப்பத்தா, நீ செவ்வகம்"னுட்டா. நாத்து நட்டு, கதிர் அறுத்து, நாலு புள்ள பெத்த உடம்பு. ஒரு கொய்யாக்காவாக்கூட ஆக்காம, கணக்கு நோட்டுல போடுற கட்டமாக்கிப்புட்டாளே!

அப்புறம் அவளே சமாதானமும் சொன்னா. இந்தக் கட்டந்தான் அதிகமாம். 2005ல அமெரிக்காவுல வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரக 6,000 பேருக்கு மேல பொம்பளைக உடம்பை ஆராஞ்சு பாத்திருக்காக. நூத்துக்கு 46 பேரு செவ்வகம். அந்த மணற்கடிகாரச் சீமாட்டி இருக்காளே, அவ நூத்துக்கு எட்டே பேருதான். துணி தைக்கிறவன் அந்த எட்டுப் பேரை மனசுல வச்சுத் தைக்கிறான். மிச்சப் பேரு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, ஜிப்பை ஏத்திவிட ரெண்டு ஆளைக் கூப்பிட்டுக்கிட்டு நிக்குறீக. குத்தம் துணியில, ஏச்சு வாங்குறது உங்க இடுப்பு.

ரெடிமேட் அளவு எங்கருந்து வந்துச்சுன்னு நெனைக்கிறீக? 1939, 40ல அமெரிக்க வெவசாயத் துறை ஏறக்குறைய 15,000 பொம்பளைகளை நிக்க வச்சு, ஒவ்வொருத்திக்கும் 59 அளவு எடுத்துச்சாம். வெவசாயத் துறை அளந்துச்சுன்னா பழத்துப் பேரு வந்ததுல என்ன தப்பு? கணக்கு முடிக்கிறப்ப வெள்ளைக்காரிக அளவை மட்டும் வச்சுக்கிட்டு மத்தவுக அளவைத் தள்ளிட்டாக. அதை வச்சு 1958ல ஒரு அளவுப் பட்டியல் போட்டாக. சரிப்பட்டு வரலைன்னு 1983ல அவுகளே கை கழுவிட்டாக.

நம்ம ஊரு உடம்புக்குன்னு ஒரு அளவு வேணும்னு நிஃப்ட்ங்குற தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்துக்காரக ரொம்ப நாள் கழிச்சுத்தான் முழிச்சாக. 15 வயசுலருந்து 65 வயசு வரைக்கும் 25,000 பேரை மிஷின்ல நிக்க வச்சு அளக்கணும்னு திட்டம் போட்டாக. டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், பெங்களூரு, ஷில்லாங்னு ஆறு ஊரு. தரமணியிலயே அவுகளுக்கு ஒரு கல்லூரி இருக்கு, ஆனா ஆறு ஊருல மெட்ராசு இல்ல. அதுலயும் 65 தாண்டுனா அளவு கெடையாது. எனக்கெல்லாம் உடம்பே இல்லைன்னு முடிவு பண்ணிட்டாக போல. ஆக, சட்டைக் கழுத்துல தச்சிருக்குற சீட்டைப் பாத்து அழுகாதீங்கடி. ஒரு கடையில மீடியமா இருக்குறவ அடுத்த கடையில எக்ஸ்.எல். ஆகுறா. ரெண்டு கடைக்கு நடுவுல என்னத்தைத் தின்னுட்டா, ஒரு இளநீ குடிச்சிருப்பா!

சேலைக்கு இந்த வம்பே இல்ல. அஞ்சரை மீட்டர் துணி. பேரிக்காய்க்கும் அதான், கட்டத்துக்கும் அதான். சேலையில பாக்க வேண்டியது ரெண்டே சங்கதி. துணி எப்படி விழுகுது, கோடு எங்க நிக்குது. இதைத் தெரிஞ்சுக்கிட்டா எந்தப் பழமும் பந்தியில முதல் வரிசைதான்.

துணி விழுகுறதைச் சொல்றேன். வயித்துல, இடுப்புல சதை இருக்குறவ, மொடமொடன்னு கஞ்சி போட்ட காட்டனையோ புதுசுல வெறச்சு நிக்குற பட்டையோ கட்டுனா, அது உடம்புல ஒட்டாம பந்தல்ல கட்டுன தட்டி மாதிரி தனியா நிக்கும். இல்லாத அகலத்தையும் காட்டிக் குடுக்கும். அதுக்காக வழுவழுன்னு மெல்லிசு ஷிஃபானுக்கு ஓடாத. அது இருக்குறதை அப்படியே ஒட்டிக் காட்டிரும். நடுவாந்தரமா எடு. மைசூர் சில்க், கிரேப், சாஃப்ட் சில்க், நாலு தடவை தோய்ச்சுப் பதமான காட்டன். இதெல்லாம் உடம்போட எறங்கும், உடம்பைப் பிடிக்காது. ஒல்லிக்குச்சியா இருக்குறவளே, உனக்கு இதுக்கு நேர் எதிர். கோவைக் கோரா, ஆர்கன்சா, டிஷ்யூ, கஞ்சி போட்ட செட்டிநாட்டுக் கண்டாங்கி, எல்லாம் உனக்குத்தான். அங்க உப்பி நிக்குற துணி ஆதாயம். பேரிக்காக்காரிக்கு இடுப்புல கொசுவம் தடிக்கக் கூடாது. கொசுவத்தை ஒண்ணு மேல ஒண்ணா அழுத்தித் தேச்சு, தொப்புளுக்கு நேரா ஒழுங்கா விட்டா பாதி அகலம் காணாமப் போயிரும்.

கோடு நிக்குற சங்கதி இன்னும் சூட்சுமம். கோடு எங்க நிக்குதோ, பாக்குறவுக கண்ணு அங்க நிக்கும். காஞ்சிபுரத்துல கோர்வைச் சேலைன்னு நெய்வாக. கரை ஒரு நெறம், உடல் ஒரு நெறம், மூணு நாடா ஓட்டி, கூட ஒரு ஆளு ஒக்காந்து கோத்துக் குடுக்கணும். பாக்க லெச்சுமி கடாட்சம். ஆனா அஞ்சடிக்காரி அதுல அகலக் கரையைக் கட்டுனா, முழங்காலுக்குக் கீழ ஒருத்தி, மேல ஒருத்தின்னு ரெண்டு பேரு நிக்குற மாதிரி ஆயிரும். உசரம் கம்மின்னா மெல்லிசுக் கரை, உடலும் கரையும் பக்கத்துப் பக்கத்து நெறம், சின்னப் பூவு. நெட்டச்சிக்கு எந்தக் கரையும் ஆகும், அவ குடுத்து வச்சவ. சேலை கட்டுறதுக்கு முன்னால செருப்பை மாட்டிக்க. கட்டி முடிச்சுட்டு ரெண்டு அங்குலக் குதிகால் மேல ஏறுனா சேலை கணுக்காலுக்கு ஏறி, வெள்ளம் வந்த தெருவைத் தாண்டப் போறியான்னு கேப்பாக. மழைக்காலத்து மெட்ராசுல அதுவும் தேவைதான், இல்லங்கல.

ஜாக்கெட்டுக் கையிலயும் இதே சூத்திரம். மேல்கையில சதை எங்க பெருசோ அங்க கொண்டுபோய்க் கை முடியக் கூடாது. முழங்கை வரைக்கும் எறக்கிரு. தோளு அகலமா இருக்குறவ பஃப் கை வச்சுக்கிட்டா கல்யாண வீட்டு வாசல்ல பக்கவாட்டுலதான் நொழையணும். தோளு ஒடுக்கமா இருக்குறவளுக்கு அதே பஃப்பும் படகுக் கழுத்தும் வரம். கழுத்து குட்டையா, மாரு பெருசா இருந்தா வி கழுத்து ஆளை நீட்டிக் காட்டும். முந்தியை மடிச்சுப் பின் குத்துறப்ப மடிப்பு ரொம்பச் சன்னமா இருந்தா மாரு எடுத்துக் காட்டும், கொஞ்சம் அகலமா விடு. சுடிதார், குர்த்தா போடுறவுகளுக்கும் இதான் சட்டம். இடுப்புக்குக் கீழ எங்க அகலமோ அந்த எடத்துல குர்த்தா முடியக் கூடாது. அதைத் தாண்டி எறக்கு.

முன்கொசுவம், ஜாக்கெட்டு, உள்பாவாடைன்னு இப்பக் கட்டுறது ஆதிகாலத்து வழக்கம்னு நெனைக்காதீக. 19ஆம் நூற்றாண்டுல வங்காளத்துத் தாகூர் வீட்டு மருமக ஞானதானந்தினி தேவி, பம்பாய்ல பார்சிப் பொம்பளைக கட்டுறதைப் பாத்து, ஜாக்கெட்டு, உள்பாவாடையோட ஒரு கட்டைக் கொண்டுவந்தாக. அது மாதிரிக் கட்டுகதான் கொஞ்சங் கொஞ்சமா ஊரெல்லாம் பரவுச்சு. எங்க பக்கத்துல கண்டாங்கியைப் பின்கொசுவம் வச்சுக் கட்டுவோம். கொசுவம் பூராப் பின்னால போயிரும். முன்னால தொப்பையை அமுக்கும், பின்னால ஒண்ணும் இல்லாதவளுக்கு ஏதோ இருக்குற மாதிரிக் காட்டும். அம்புட்டு வித்தையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் எங்க ஆத்தாமாரு ஒண்ணுந் தெரியாதவுக மாதிரி வயக்காட்டுக்குப் போனாக. 2019ல கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு குடுத்தாக. பின்கொசுவத்துக்கும் ஒண்ணு குடுத்திருக்கணும்.

ஒண்ணு மட்டும் வெளையாட்டு இல்லாமச் சொல்றேன். இடுப்பு சிறுசாத் தெரியணும்னு உள்பாவாடை நாடாவை இறுக்கி முடிச்சுப் போடாதீக. வருசக்கணக்கா இடுப்புல இறுக்கிக் கட்டி அறுத்த எடத்துல புண்ணு ஆறாம, ரெண்டு வயசான பொம்பளைகளுக்குத் தோல் புத்துநோயே வந்திருக்குன்னு மகாராஷ்டிரா, பீகார் டாக்டருக 2024ல எழுதியிருக்காக. நாடாவுக்குப் பதிலா அகலப் பட்டி வச்சுத் தைக்கச் சொல்லு. தளர்த்திக் கட்டு. இடுப்புல கருத்துப்போயி அரிச்சுதுன்னா மஞ்சளை அப்பிக்கிட்டு உக்காராம டாக்டர்ட்டக் காட்டு.

சரி, கடைக்குப் போறீக. நந்தனத்துலருந்து வெங்கட்நாராயணா ரோட்டைப் பிடிச்சா பனகல் பார்க் என்ன தூரம்? 1928ல நல்லி சின்னசாமி செட்டியார் தி.நகர்ல கடை போட்டதுலருந்து அந்தப் பக்கமே பட்டுக்குப் பேரு போனது. உள்ள நொழைஞ்சதும் பொம்மையைப் பாத்து மயங்காத. அதுக்குப் பின்னால போயிப் பாரு, கிளிப்பும் குண்டூசியுமா இருக்கும். உனக்கு அப்படி நாலு பேரு பின்னால பிடிச்சுக்கிட்டே வருவாகளா? கடைத் தம்பி முந்தியைத்தான் விரிச்சுக் காட்டுவாரு. நீ கொசுவத்துல வர்ற பக்கத்தைக் காட்டச் சொல்லு. முன்னால தெரியப் போறது அதுதான். லைட்டு வெளிச்சத்துல எல்லாச் சேலையும் மகாராணி. வாசல் பக்கம் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோயிப் பாரு.

"மேடம் கலருக்கு இது எடுக்காது"ன்னு எவராச்சும் சொன்னா, அந்தக் கடையில காசை எடுக்காத. நம்ம கருத்த தோலுக்கு அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, கிளிப்பச்சை எல்லாம் தகதகன்னு எடுக்கும். வெளுத்துப்போன ரோஸையும் சாம்பலையும் தலையில கட்டிட்டு, சிவக்கக் கிரீமும் விக்கிற ஊரு இது. ஏமாந்துறாதீக.

எந்த உடம்புக்கும் பொருந்துற உடுப்பு ஒண்ணு சொல்லு கிழவின்னு கேட்டா, அதையும் சொல்லுவேன். ஆவின் தலைமை ஆபீசே நந்தனத்துலதான இருக்கு. காலையில பால் பாக்கெட்டு வாங்க வர்றவுகளைப் பாருங்க. பூப்போட்ட நைட்டி, மேல சம்பந்தா சம்பந்தமில்லாம ஒரு துப்பட்டா. உள்ள இருக்குறது ஆப்பிளா பேரிக்காயான்னு அந்த வெவசாயத் துறையே வந்து நின்னாலும் கண்டுபிடிக்க முடியாது. பால் கடைக்குப் பரவாயில்ல. புள்ள பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்கும் அதையே மாட்டிக்கிட்டுப் போகாதீக.

கடைசிச் சங்கதிதான் முக்கியம். சேலையில பாதி அழகு ஜாக்கெட்டுல இருக்கு. அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறீக. தையக்காரர்ட்ட அளவு ஜாக்கெட்டுன்னு ஒண்ணைக் குடுக்குறியே, அது யாரு அளவு? கல்யாணத்துக்கு முன்னால இருந்தாளே ஒருத்தி, அவ அளவு. அவளுக்குத் தைச்சு வாங்கிட்டு, உனக்குப் பத்தலைன்னு தையக்காரரோட மல்லுக்கு நிக்குற. இன்னைக்கு உள்ள உடம்பை அளக்கச் சொல்லு. எந்த உள்ளாடையோட கட்டப் போறியோ அதையே போட்டுக்கிட்டுப் போயி, வயித்தை எக்காம, மூச்சு விட்டுக்கிட்டு நில்லு. லைனிங் துணியை நனைச்சுக் காயவச்சுக் குடு, இல்லைன்னா முதல் தோய்ப்புலயே சுருங்கி இழுத்துக்கும். மாரு பெருசுன்னா பிரின்சஸ் கட்டோ கட்டோரி கட்டோ வச்சுத் தைக்கச் சொல்லு, தொங்காம ஏந்தும். கைக்குழி பிடிச்சா கையைத் தூக்கி மாலை போட முடியாது, அதைப் போட்டுப் பாத்து வாங்கு. ரெண்டு பக்கமும் ஒரு அங்குலம் துணி உள்ள விட்டுத் தைக்கச் சொல்லு. தீபாவளிக்கு அதிரசம் திங்கிற உடம்பு, பிரிச்சுவிட எடம் வேணும்ல?

பத்தாயிரம் ரூவாய்ச் சேலைக்கு வாயைத் தொறக்காம பில்லைக் கட்டிட்டு வர்றீக. மாரும் முதுகும் தோளும் கழுத்தும் பாத்து, உன் உடம்பை உன் உடம்பாவே நெனச்சுத் தைக்கிற மனுசன்கிட்ட அம்பது ரூவாய்க்குப் பேரம் பேசுறீக. பழமா, கட்டமான்னு பேரு வைக்காம உங்களை அளக்குறவரு அவரு ஒருத்தர்தான். கேட்ட கூலியைக் குடுத்துட்டு வாங்கடி.