குடுவையாரும் வயிற்றாரும்

(சீனாவின் செங்டு நகரில் ஒரு மரபு வைத்தியசாலை. முந்தின இரவு ஹாட்பாட் என்னும் காரக் கொதிசட்டியை ஒரு கை பார்த்த ஆசாமி மல்லாந்து கிடக்கிறார். வைத்தியர் இடுக்கியில் பிடித்த சாராயப் பஞ்சைக் கொளுத்தி, கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு சுழற்று சுழற்றி எடுத்து, சட்டென்று வயிற்றில் கவிழ்க்கிறார். உள்காற்று குளிரக் குளிர, தசை பணியாரமாக எழும்புகிறது.)

குடுவை: வயிற்றாரே, வணக்கம். தொப்புளுக்கு நான்கு சுன் மேலே, சோங்வான் புள்ளியில் எழுந்தருளியிருக்கிறேன்.

வயிறு: சுன்னுன்னா?

குடுவை: நோயாளியின் கட்டைவிரல் அகலம்.

வயிறு: அளவுகோலும் நம்ம ஆளோடதா! சரி, என்ன விஷயமா வந்தீங்க?

குடுவை: உம்முள் தேங்கிய குளிரை வெளியேற்ற.

வயிறு: குளிரா? ராத்திரி ஒரு சட்டி மிளகாய் எண்ணெய் இறங்கியிருக்குங்க. உள்ள அடுப்பே எரியுது.

குடுவை: அதன்மேல் ஐஸ் பீர் குடித்தாரே!

வயிறு: அதுக்குத் தோலைப் புடிச்சு இழுத்தா ஆச்சா?

குடுவை: என் குலப்பெருமை அறியாமல் பேசுகிறீர். சாங்ஷாவில் மாவாங்துய் கல்லறை. கி.மு. 168-இல் மூடியது, 1973-இல் தோண்டினார்கள். அங்கே கிடைத்த பட்டுச்சுவடியிலேயே என் மூதாதை கொம்புக் குடுவையார் இருக்கிறார்.

வயிறு: எந்த நோய்க்கு?

குடுவை: (தொண்டையைச் செருமி) மூலத்துக்கு.

வயிறு: அடேயப்பா! நம்ம தெருக்கோடியில வேலை பாத்தவரா!

குடுவை: அரிசி வேகும் நேரம் வைத்து எடுக்கவேண்டுமாம்.

வயிறு: எடுத்தப்புறம்?

குடுவை: கயிற்றால் கட்டி... கத்தியால் அறுப்பார்கள்.

வயிறு: அப்ப வேலை கத்தியோடது. பேரு உங்களுக்கு.

குடுவை: பழங்காலச் சீன மருத்துவர் கெ ஹொங் எழுதிய நூலிலும் கொம்பு உண்டு! அதே நூலின் ஒரு குறிப்பைப் பிடித்துத்தான் து யூயூ அம்மையார் மலேரியாவுக்கு மருந்து கண்டு, 2015-இல் நோபல் வாங்கினார்!

வயிறு: அந்தம்மா சுவடியைக் கும்பிட்டுட்டு உக்காந்துடலையே. சூட்டுல மூலிகைச் சத்து கெடும்னு யோசிச்சு, ஈதர்ல இறக்கி, எலிக்குக் குடுத்து, தானும் குடிச்சுப் பாத்தாங்க. உங்களை அப்படிச் சோதிக்கிறதும் கஷ்டம்தான். பொய் மாத்திரை குடுத்து ஏமாத்தலாம். பொய்க் குடுவை வெச்சா தோலே காட்டிக் குடுத்துடும்.

குடுவை: கறையைப் பாரும்! கருஊதா. தேக்கத்துக்குச் சாட்சி. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் உலகமே பார்த்ததே!

வயிறு: அவர் தங்கம் வாங்கினது நீச்சலுக்கு. உங்க உறிஞ்சல்ல பொடி ரத்தக்குழாய் உடைஞ்சு ரத்தம் கசிஞ்சிருக்கு, அதான் ஊதா. நீங்களே அடிச்சுட்டு, அந்தத் தழும்பையே சாட்சிக்குக் கூப்பிடலாமா? தோலு, கொழுப்பு, தசை, சவ்வு, இத்தனையும் தாண்டி உள்ள இருக்கு குடலு. நீங்க வாசப்படியிலயே நிக்கிறீங்க.

குடுவை: சுகமாக இல்லை என்று சொல்லிவிடும் பார்ப்போம்!

வயிறு: பொய் சொல்ல மாட்டேன், இதமா இருக்கு. இந்த ஆளு கால் மணி நேரமா போனைத் தொடாம, எதையும் தின்னாம கிடக்காரு பாருங்க, அதுலயே பாதி வாயு இறங்கிடுச்சு. ஆனா குடல்வால் வீங்கித் துடிக்கிறவன் வந்தாலும் இப்படித்தான் ஏறி உக்காருவீங்களா?

குடுவை: அது வைத்தியர் பாடு.

வயிறு: ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவனுக்கு அதுக்குள்ள வெடிச்சுடுமேய்யா!

(வைத்தியர் விளிம்போரம் விரலை அழுத்த, காற்று புகுந்து ‘டப்’பென்று குடுவை கழல்கிறது. இன்னும் பத்து முறை வரவேண்டும் என்கிறார். வயிறு நீளமாக உறுமுகிறது.)

குடுவை: கேட்டீரா? தேக்கம் உடைகிறது!

வயிறு: யோவ், அது பசி.