மறுமதிப்பீடு கோரி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
உங்கள் ஏடுகளை விடாமல் படிக்கும் வாசகன்,
தமிழ்நாடு.

பெறுநர்:
மாண்புமிகு பத்திரிகை ஆசிரியர் பெருமக்கள்,
நாடுகளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் வழங்கும் பிரிவு,
லண்டன். (நகல்: பாரிஸ், பெர்லின்)

பொருள்: 2010 உலகக் கோப்பைக் கால்பந்துத் தேர்வு – தென்னாப்பிரிக்காவின் விடைத்தாளை மறுமதிப்பீடு செய்யக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

2010 ஜூலை 11 இரவு ஜோஹன்னஸ்பர்க் சாக்கர் சிட்டி மைதானத்தில் 84,490 பேர் முன்னிலையில் ஸ்பெயின் கோப்பையைத் தூக்கியது. விடிவதற்குள் நீங்கள் ரிசல்ட்டை வெளியிட்டுவிட்டீர்கள்: ஆப்பிரிக்கா பாஸ்! உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் அப்போதைய தலைவர் செப் பிளாட்டர் தம் பங்குக்குப் பத்துக்கு ஒன்பது போட்டார். முந்தைய ஆண்டு கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை என்ற மாதிரித் தேர்வில் அவரே ஏழரைதான் போட்டிருந்தார். ஒரே வருடத்தில் ஒன்றரை மதிப்பெண் ஏற்றம். எங்கள் ஊராக இருந்தால் முச்சந்தியில் ஃபிளெக்ஸ் வைத்திருப்போம்.

பாஸான நாடே பேசாமல் இருக்க, நடுவில் நீ யார் என்று கேட்பீர்கள். அதே 2010 அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி என்ற தேர்வை எழுதிய நாட்டுக்காரன் நான். மைதானத்துக்குப் பக்கத்தில் எங்கள் நடைபாலம் சரிந்ததும் உண்மை, அமைப்புக் குழுத் தலைவர் சுரேஷ் கல்மாடி அடுத்த ஆண்டே கைதானதும் உண்மை. அதில் ஒளித்துப் பேச ஒன்றுமில்லை. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதிய தோஷம்தான் இந்தக் கடிதம்.

மதிப்பெண் குறைந்துவிட்டது என்பதல்ல என் முறையீடு. கேள்வித்தாளே கோளாறு என்பதுதான்.

முதல் கேள்வி, ‘எங்களை யாராவது குத்திவிடுவார்களா?’ ஆட்டம் தொடங்குவதற்கு ஐந்தாறு மாதம் முன்பே, பிரிட்டனில் ஒரு வியாபாரி ரசிகர்களுக்கென்று கத்திக்குத்து தாங்கும் சட்டையை விற்பனைக்கு விட்டார். அவரவர் அணியின் கொடி பொறித்தும் கிடைக்கும் என்றார். உயிர் பயத்திலும் தேசபக்தியைக் கைவிடாத அந்த நேர்த்தியை உங்கள் ஏடுகளில் படித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

இரண்டாவது கேள்வி பூகோளம். அந்த ஜனவரியில் அங்கோலாவின் கபிண்டாவில் டோகோ கால்பந்து அணியின் பேருந்தைத் துப்பாக்கிக்காரர்கள் சுட்டார்கள். உடனே, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த தென்னாப்பிரிக்காவிடம் விளக்கம் கேட்டீர்கள். கொசோவோவில் சண்டை என்றால் ஜெர்மனியில் உலகக் கோப்பை நடக்குமா என்று கேட்பீர்களா எனத் தென்னாப்பிரிக்க அமைப்புக் குழுவின் டேனி ஜோர்டான் சலித்துக்கொண்டார். ஐரோப்பா என்றால் நாடுகள். ஆப்பிரிக்கா என்றால் ஒரே வீடு, ஓர் அறையில் சத்தம் கேட்டால் எல்லா அறையும் பதில் சொல்ல வேண்டும். இதுதானே உங்கள் வரைபடம்?

அப்புறம் 64 ஆட்டங்களும் நடந்து முடிந்தன. வந்தவர்கள் வுவுசெலா ஊதுகுழலை ஊதிக்கொண்டே ஊர் திரும்பினார்கள். உங்களுக்கு ஒரே வியப்பு. விமானம் இறங்கியது, விளக்கு எரிந்தது, மக்கள் சிரித்தார்கள் என்று பக்கம் பக்கமாகப் பாராட்டினீர்கள். 2006 உலகக் கோப்பையின்போது ஜெர்மனியில் விளக்கு எரிந்ததை யாரும் தலையங்கத்தில் மெச்சியதாக நினைவில்லை. மாணவன் தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதியதற்காகப் போட்ட மார்க் இது. ஃபெயிலாவான் என்று எழுதிவைத்தவர்தான் பாஸானதும் இப்படிக் கண்கலங்குவார்.

இனி, கேள்வித்தாளில் வராத பகுதி.

நெல்ஸ்புரூட் என்ற நகரில் மபோம்பேலா மைதானம் கட்டினார்கள். ஒட்டகச்சிவிங்கி உருவத்தில் 18 தூண்கள், வரிக்குதிரைக் கோடுபோல் இருக்கைகள். எல்லோரும் அழகாகப் படம் எடுத்துப் போட்டீர்கள். உலகக் கோப்பையில் அங்கே நடந்தவை நான்கே ஆட்டங்கள். அந்த மைதானத்துக்காக இரண்டு பள்ளிக்கூடங்களைக் காலி செய்து, பிள்ளைகளை வெயிலில் கொதிக்கும் தற்காலிக வகுப்பறைகளுக்கு அனுப்பினார்கள். பிள்ளைகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். மைதான ஒப்பந்தத்தில் முறைகேடு என்று குரல் எழுப்பிய நகராட்சி அவைத் தலைவர் ஜிம்மி மொஹ்லாலா 2009 ஜனவரியில் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். ‘தென்னாப்பிரிக்கா பாதுகாப்பானதா?’ என்று கேட்டவர்களே, அந்தக் கேள்விக்கு இதைவிட நேரான பதில் உண்டா? ஆனால் செத்தவர் டிக்கெட் வாங்கிய ரசிகர் இல்லை.

கேப்டவுனில் நிறவெறிக் காலத்தில் ஒதுக்கப்பட்டவர்கள் குடியிருக்கும் அத்லோன் பகுதியில் மைதானம் அமையலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. ஃபிஃபாவுக்குப் பிடித்தது கடலோர கிரீன் பாயிண்ட். பின்னால் டேபிள் மலை, கேமராவுக்கு அம்சமான இடம். செலவு 440 கோடி ராண்ட். அந்த மலைக்காட்சிக்கும் சேர்த்துத்தான் நீங்கள் மார்க் போட்டீர்கள்.

டர்பனில் ஜூன் 13 அன்று ஜெர்மனி ஆஸ்திரேலியாவை 4–0 என்று வென்ற இரவு, மைதானக் காவல் வேலை பார்த்தவர்கள் பேசிய கூலி தரவில்லை என்று வாசலில் கூடினார்கள். கையில் கிடைத்தது 190 ராண்ட்தான் என்றார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசிக் கலைத்தது. பாதுகாப்புக்குப் பங்கம் வந்ததா என்று கவலைப்பட்டீர்கள். பாதுகாத்தவன் கூலிக்குப் பங்கம் வந்தது சின்ன எழுத்தில் போனது.

தேர்வாளர்களின் சொந்த விடைத்தாளையும் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன், மன்னிக்கவும். 2021 ஜூலை 11, அதே தேதி. யூரோ இறுதியாட்டத்தில் டிக்கெட் இல்லாத சுமார் 2,000 பேர் லண்டனின் வெம்பிளி மைதானத்துக்குள் முண்டியடித்துப் புகுந்தார்கள். உயிர்ப்பலி நேராதது அதிர்ஷ்டம் என்ற பொருளில், அதை விசாரித்த லூயிஸ் கேசி அறிக்கை தந்தார். வெட்கக்கேடு என்று நீங்களும் எழுதினீர்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஐரோப்பியர்களால் இதெல்லாம் முடியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. 2023 அக்டோபரில் யூரோ 2028-ஐ பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் கொடுத்தார்கள். இதற்கிடையே 2022-இல் பாரிஸை ஒட்டி நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் வாசலில் லிவர்பூல் ரசிகர்கள் மீது கண்ணீர்ப்புகை. ரசிகர்கள்மேல் பழிபோடாதே, ஏற்பாடு செய்தவனைக் கேள் என்று லண்டன் ஏடுகள் எழுதின. நூற்றுக்கு நூறு நியாயம். அந்த நியாயத்தைத்தான் வெளியூருக்கும் அனுப்பிவைக்கச் சொல்கிறேன்.

ஆகவே தாழ்மையுடன் கோருவன:

1. மறுமதிப்பீட்டில் மார்க் கூட்ட வேண்டாம். கேள்வி சரியாக இருந்தால், குறைத்தாலும் சம்மதமே.

2. விடைத்தாளின் முகப்பில் நாட்டின் பெயர் இருக்கட்டும். கண்டத்தின் பெயரை அடித்துவிடவும்.

3. அடுத்த தேர்வுக்கு வரும்போது மைதானத்துக்கும் ஹோட்டலுக்கும் இடையில் ஓடும் பேருந்திலிருந்து ஒருமுறையாவது இறங்கவும். தரையைக் கூட்டுகிறவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டாலே பாதிக் கட்டுரை தேறிவிடும்.

4. ஒன்பது போட்ட பிளாட்டரை 2015-இல் ஃபிஃபாவின் ஒழுக்கக் குழுவே தடைசெய்துவிட்டது. அவர் போட்ட மார்க் செல்லுமா என்று தெளிவுபடுத்தவும்.

மறுமதிப்பீட்டுக் கட்டணத்துக்கான வரைவோலை இத்துடன் இணைக்கப்படவில்லை. அந்த உலகக் கோப்பையோடு முடிந்த நான்கு ஆண்டுகளில் ஃபிஃபா ஈட்டிய வருமானம் சுமார் 420 கோடி டாலர். தென்னாப்பிரிக்கா வரிவிலக்கும் கொடுத்திருந்தது. கட்டணத்தை அங்கேயே வசூலித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகன்