பூர்வோத்தரக்காரர்

நதிமூலமும் ரிஷிமூலமும் விசாரிக்கலாகாது என்று நம் பெரியோர் ஒரு விதி செய்து வைத்துப் போனார்கள். அந்த விதி அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிச் செல்லவில்லை என்பதற்குப் பிரத்தியட்சப் பிரமாணமாக விளங்குகிறவர், ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதம் பிறந்தவுடன் பாஸ்டனிலிருந்தோ சிகாகோவிலிருந்தோ புறப்பட்டு, மழைக்கோட்டும் பூதக்கண்ணாடியும் தலையணை கனத்தில் ஒரு காகிதக் கட்டுமாக அயர்லாந்தில் வந்து இறங்கும் நமது பூர்வோத்தரக்காரர். அவருடைய பெயரை நான் சொல்லப் போவதில்லை. அந்தத் தேசத்தில் பெயரைச் சொல்வதனால் யாரும் அடையாளம் தெரிந்துவிட மாட்டார்கள் என்பது போகப் போக விளங்கும்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் வரையில் அவர் நம்மைப் போன்ற சாமானிய மனிதராகத்தான் இருந்தார். தாயார் காலமான பிறகு வீட்டை விற்ற பணத்தைப் பங்கிடுவதில் தொடங்கி, ஒரு வெள்ளித் தேநீர்க் கெண்டியில் வந்து முற்றிய மனஸ்தாபத்தினால், ஒரே ஊரில் நான்கு தெரு தள்ளி வசிக்கும் தமையனாரோடு பதினோரு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லையென்பதைத் தவிர, அவரிடம் விசேஷமாகச் சொல்லும்படி ஒன்றுமில்லை. ஓய்வு பெற்ற அன்று சக உத்தியோகஸ்தர்கள் பரிசாக அளித்த பொட்டலத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. அதில் எச்சிலைத் துப்பி அஞ்சலில் சேர்த்தால், உலகத்தின் எந்தெந்த மூலையில் எந்தெந்தப் பந்துக்கள் இருக்கிறார்கள் என்று மரபணுவைப் பரிசோதித்துச் சொல்லிவிடுவார்களாம். துப்பினார். சில வாரங்களில் ஜாபிதா வந்தது. ஜாபிதாவின் முதல் வரியில், ஏறத்தாழ 2,600 சென்டிமார்கன் அளவுக்கு ரத்தபந்தம் உடையவராக, சந்தேகத்துக்கு இடமின்றி 'உடன்பிறந்த சகோதரர்' என்று ஒருவர் காணப்பட்டார். எச்சில் துப்பும் விஷயத்தில்கூட அண்ணன் முந்திக்கொண்டானே என்று நம் கனவான் முகத்தைச் சுளித்து, அந்த வரியைக் கடந்து, பெரியப்பா பிள்ளைகளையும் அத்தை பெண்களையும் கடந்து, நூற்றுக்கணக்கான வரிகளுக்குக் கீழே, 35 சென்டிமார்கன் மட்டுமே பொதுவில் கொண்டவராய் அயர்லாந்தின் கார்க் ஜில்லாவில் வசிக்கும் ஒரு நாலாம் தலைமுறைத் தாயாதியைக் கண்டபோது அவருக்கு ஆனந்தபாஷ்பம் பெருகியது.

நாமானால் கொள்ளுப் பாட்டன், எள்ளுப் பாட்டன் என்று தானியத்தைப் பொடியாக்கிக்கொண்டே போய், எள்ளுக்கும் சிறிய தானியம் அகப்படாத காரணத்தாலோ என்னவோ, அங்கே நின்றுவிடுகிறோம். அயர்லாந்துக்காரருக்கு அந்தச் சங்கடமில்லை. அவர்களுடைய சரித்திரத்தில் தானியத்தைவிடக் கிழங்குக்கே பிரதான ஸ்தானம். 1845-இல் உருளைக்கிழங்குச் செடியில் கண்ட நோய் 1852 வரையில் தேசத்தை வாட்டியதில் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினார்கள். பஞ்சத்துக்கு முன் எண்பது லட்சத்துக்கு மேல் இருந்த தீவின் ஜனத்தொகை இன்றுவரை அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. அமெரிக்காவிலோ, தாங்கள் ஐரிஷ் வம்சம் என்று சொல்லிக்கொள்வோர் மூன்று கோடிக்கு மேல். அத்தனை பேரும் ஒரே ஜூன் மாதத்தில் பூர்வோத்தரம் விசாரிக்க வந்துவிடாமல் இருப்பதால்தான் தீவு இன்னும் மிதக்கிறது.

டப்ளினில் இறங்கியதும் நம் கனவான் சாராயக்கடைக்குப் போவதில்லை; கில்டேர் தெருவில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போகிறார். அங்கே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் யாராயினும், கேட்டாலும் கேளாவிட்டாலும், அவருக்கு 1922-ஆம் வருஷம் ஜூன் 30-ஆம் தேதி நடந்த அனர்த்தத்தை எடுத்துரைக்கிறார். உள்நாட்டு யுத்தத்தில் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகம் தாக்கப்பட்டு, அதிலிருந்த அரசாங்க ஆவணக் களஞ்சியம் வெடித்து எரிந்து, நூற்றாண்டுகளின் தஸ்தாவேஜுகள் சாம்பலாய்ப் போயின. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு குடிக்கணக்குகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தாள்களே மிஞ்சின. தம் சொந்த வீடு நேற்றிரவு தீப்பிடித்ததைச் சொல்பவர் போல அவர் இதைச் சொல்வார். ஆனால் 1861, 1871 கணக்குகளைச் சர்க்காரே அழித்துவிட்டதையும், 1881, 1891 கணக்குகளை முதல் உலக யுத்தக் காலத்தில் காகிதக் கூழாக்கியதையும் சொல்ல நேரும்போது குரல் மாறிவிடும். நெருப்பை மன்னிக்கலாம், குமாஸ்தாவை மன்னிக்க முடியாது என்பது அவர் கொள்கை. அதில் எனக்கும் அபிப்பிராய பேதமில்லை.

முழுமையாகத் தப்பியவை 1901, 1911 ஆகிய இரண்டு கணக்குகளே. அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கையில் நம் கனவான் திடுக்கிட்டார். 1901-இல் ஐம்பத்தாறு வயதாயிருந்த ஒரு பாட்டிக்கு 1911-இல் எழுபத்திரண்டு ஆகியிருந்தது. இடையில் கழிந்தது பத்து வருஷம். பாட்டி கழித்ததோ பதினாறு. இதன் ரகசியம் 1908-இல் பிறந்த முதியோர் உபகாரச் சம்பளச் சட்டத்தில் இருக்கிறது. எழுபது வயது நிரம்பிய ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் என்று சர்க்கார் அறிவித்தது. எல்லாருடைய பிறப்பையும் பதிவு செய்யும் வழக்கமோ 1864-இல்தான் தொடங்கியிருந்தது. பிறந்த தேதிக்கு அத்தாட்சி இல்லாதவர்கள், 1839 ஜனவரி 6-ஆம் தேதி இரவு அயர்லாந்தைச் சூறையாடிய பெரும்புயலைத் தாங்கள் கண்டதாக ஞாபகப்படுத்திச் சொல்வதும் வயதுக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. அந்தப் புயலில் எத்தனை கூரைகள் பறந்தன என்பதைவிட, எழுபது வருஷம் கழித்து எத்தனை பேருக்கு அது ஞாபகம் வந்தது என்பதே பெரிய அதிசயம். நமக்கு இது சிரிப்புக்குரிய விஷயம். நம் கனவானுக்கோ தூக்கமில்லாத மூன்று இரவுகள். வம்ச விருட்சத்தில் ஒரு பாட்டி தன் தாய்க்கு முன்பே பிறந்து தொலைத்திருந்தாள்.

வயதாவது போகட்டும், பெயராவது உதவுமா என்றால் அதுவும் இல்லை. கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் புத்தகங்களைத் தேசிய நூலகம் 2015-இல் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்தபோது உலகெங்குமுள்ள பூர்வோத்தரக்காரர்கள் தீபாவளி கொண்டாடாத குறைதான். ஆனால் பங்குச் சாமியார் பேட்ரிக்கைப் 'பாட்ரிசியுஸ்' என்றும், ஜேம்ஸை 'யாக்கோபுஸ்' என்றும் லத்தீனில் எழுதியிருப்பார். அதுவும் ஈரத்தில் கலைந்த கையெழுத்தில். பிரிட்ஜெட் என்று கப்பலேறியவள் அமெரிக்காவில் டீலியா ஆகியிருப்பாள். போதாக்குறைக்கு, தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர், அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர் என்று நம்மூர் வழக்கம் போலவே ஒரு சம்பிரதாயம்; ஆகையால் ஐந்து அண்ணன் தம்பிகள் இருந்த குடும்பத்தில் ஐந்து வீட்டிலும் ஒரு பேட்ரிக் மர்பி. தேசத்திலேயே மிகுந்து காணப்படும் வம்சப் பெயர் மர்பி. கார்க் ஜில்லாவில் கல்லெறிந்தால் அது ஒரு மர்பி மேல் விழும். ஊரார் இந்தத் தொல்லையைச் 'செம்பட்டை', 'வெள்ளை' என்று பட்டப்பெயர் வைத்துச் சுலபமாகத் தீர்த்துக்கொண்டார்கள். பட்டப்பெயரை எழுதிவைப்பது மரியாதையில்லை என்று சாமியார் விட்டுவிட்டார்.

இந்த மயக்கத்தில் விழாதவர் இல்லை. நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவு 1892 ஜனவரி முதல் தேதி திறக்கப்பட்டபோது முதலில் கால் வைத்தவள் கார்க் ஜில்லாப் பெண் ஆனி மூர். அவளுக்கு இரு கரையிலும் சிலை உண்டு. அவள் மேற்கே சென்று டெக்ஸாஸில் மடிந்தாள் என்று நெடுங்காலம் நம்பி, அந்த வழியினரைக் கௌரவித்து வந்தார்கள். 2006-இல்தான் தெரிந்தது, டெக்ஸாஸ் அம்மாள் அமெரிக்காவிலேயே இல்லினாயில் பிறந்த வேறொரு ஆனி மூர் என்பதும், உண்மையான ஆனி நியூயார்க்கை விட்டு நகரவே இல்லை என்பதும்.

ஆரம்பத்தில் நம் கனவானுக்கு ராஜ வம்சத்தின் மேல் ஒரு கண் இருந்தது. 1014-இல் க்ளான்டார்ஃப் யுத்தத்தில் மாண்ட பிரையன் போரு மன்னனுக்குக் குறைந்த யாரையும் மூலபுருஷனாக ஏற்பதாக உத்தேசமில்லை. டப்ளின் கடையொன்றில் மர்பி குலத்துச் சின்னம் பொறித்த கோப்பை ஒன்றையும் வாங்கினார். அத்தகைய சின்னங்கள் தனியொருவருக்கு வழங்கப்படுபவை, பெயர் ஒத்தவர்க்கெல்லாம் உரியவை அல்ல என்று நூலகத்தில் ஒரு பெண்மணி சொன்னபோது, கோப்பையைப் பைக்குள் தள்ளிவிட்டார். பிறகு நம்மூர்க் கர்ணத்தின் அடங்கலை ஒத்த கிரிஃபித் நிலமதிப்புக் கணக்கில், ஜமீன்தாரிடம் இரண்டு ஏக்கரும் ஒரு குடிசையும் குத்தகைக்குப் பிடித்திருந்த பேட்ரிக் மர்பியைக் கண்டார். அன்று மாலைக்குள்ளாகவே, ராஜாக்களைவிட ஏழைகளே உன்னதமானவர்கள் என்ற தத்துவத்துக்கு மாறிவிட்டார். அமெரிக்க ஜனாதிபதிகளும் இதற்கு விலக்கல்ல: கென்னடி 1963-இல் டங்கன்ஸ்டவுனுக்கும், ரீகன் 1984-இல் பாலிபொரீனுக்கும் பூர்விகம் தேடிப் போனார்கள். செருப்புத் தைக்கும் குடும்பத்திலிருந்து 1850-இல் புறப்பட்ட ஒருவருடைய வழியில் வந்த ஒபாமா 2011-இல் மனிகால் கிராமத்தில் ஒரு கோப்பை கின்னஸ் அருந்திவிட்டுப் போனார். அதன் பலனாக அந்த ஊருக்குப் பக்கத்து நெடுஞ்சாலையில் பெட்ரோல் போடும் இடத்துக்கு அவர் பெயர் வழங்குகிறது.

ஒரு வழியாக மேற்குக் கார்க்கில் அந்தத் தாயாதியின் வீட்டு வாசலில் நம் கனவானுடைய வாடகைக் கார் நின்றது. அயர்லாந்துக் குடியானவருக்கு, அமெரிக்காவிலிருந்து ஒரு மர்பி வந்து வேலியோரம் நின்று வயலை உற்றுப் பார்த்தால் மனத்தில் எழும் முதல் கேள்வி, 'இவர் நிலத்தில் பங்கு கேட்க வந்தவரோ?' என்பதுதான். கல்யாணம் செய்துகொள்ளாத அந்த எழுபத்தெட்டு வயதுக் கிழவரும் முதல் கால்மணி நேரம் மழையைப் பற்றி மட்டுமே பேசினார். வந்தவர் கேட்பது நிலத்தையல்ல, முட்செடியும் காஞ்சொறியும் மூடிய பாழடைந்த மாதாகோயில் மயானத்தைத்தான் என்று நிச்சயமானதும், தேநீரும் சோடா ரொட்டியும் பன்றியிறைச்சியும் மேஜைக்கு வந்தன. நூலகத்தில் ஆறு நாள் தேடிக் கிடைக்காத பட்டப்பெயர்களைக் கிழவர் ஒரு வாய் ரொட்டிக்கு ஒன்றாக உதிர்த்தார். பாட்டனாருடைய பாட்டன் 'செம்பட்டை' மர்பி என்றும், அவர் தம்பியோடு ஒரு கழுதை விஷயமாகச் சண்டையிட்டுக்கொண்டு கப்பலேறினார் என்றும், போனவர் ஒரு கடிதம்கூடப் போடவில்லை என்றும் சொன்னார். நம் கனவான் அத்தனையையும் எழுதிக்கொண்டார். கழுதையை மட்டும் அடிக்குறிப்பில் சேர்த்தார்.

"வம்ச விருட்சம் வேண்டுமானால் என்னிடமே ஒன்று இருக்கிறதே. போன வருஷம் உங்கள் ஊரிலிருந்து ஒருவர் வந்து கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். ஜாடைகூட உங்களைப் போலத்தான்," என்று சொல்லிக்கொண்டே கிழவர் அலமாரியின் மேலிருந்து ஒரு சுருளை எடுத்து, தேநீர்க் கெண்டியை நகர்த்தி வைத்துவிட்டு, மேஜையின் மேல் விரித்தார். அபாரமான வேலை, செம்பட்டை மர்பியிலிருந்து கிளை கிளையாக இருநூறு பேர், பிறந்த தேதி, இறந்த தேதி, கப்பலின் பெயர் உட்பட. கிழவர் விரலைக் கிளை வழியே ஓட்டிக்கொண்டே வந்து கடைசி வரிசையில் நிறுத்தினார்.

"எல்லாம் பூர்த்தியாகத்தான் எழுதியிருக்கிறார். இந்த ஒருவருக்கு மட்டும் 'தகவல் இல்லை' என்று போட்டிருக்கிறது. இவர் யாரென்று உங்களுக்குத் தெரியுமா, ஐயா?"

நம் கனவான் பையைத் திறந்து, பூதக்கண்ணாடியை எடுத்து, வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.