கம்பி நீண்டால் மின்னோட்டம் நின்றுவிடுமா?

கேள்வி: நீளம் இரட்டித்தால் மின்தடையும் இரட்டிக்கும் என்ற பாடம் மிக மெல்லிய குவாண்டம் கம்பிக்குப் பொருந்தாதது ஏன்?

பதில்: அப்பாடம் எலெக்ட்ரானை வெறும் துகளாகக் கருதுகிறது, எலெக்ட்ரானோ பாடம் படிக்காமல் அலையாகவும் நடந்துகொள்வதால், கம்பியில் ஒழுங்கின்றிச் சிதறிய மாசுகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, அதனை ஓரிடத்திலேயே சிறைப்படுத்துகின்றன. இதனை 1958இல் கோட்பாடாக முன்வைத்த பிலிப் ஆண்டர்சன், 1977இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். முப்பரிமாணப் பொருளில் இச்சிறைக்கு ஒழுங்கின்மை மிகுதியாக வேண்டும். ஒற்றைப் பரிமாணத்திலோ, எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லாத வரப்பைப் போல் சுற்றிச்செல்ல வழியில்லாமையால், சிறிதளவு மாசே போதும் என்று 1961இல் இயற்பியலாளர்கள் மாட், டூஸ் ஆகியோர் வாதிட்டனர். மெல்லிய உலோகக் கம்பியின் தடை ஏறத்தாழ 10,000 ஓமைத் தாண்டியபின், கடுங்குளிரில் அது நீளத்துக்கு நேர்விகிதமாக அன்றி, சம நீளந்தோறும் பல மடங்காகப் பெருகும் என்று 1977இல் டேவிட் தௌலெஸ் கணித்தார். செப்புக் கம்பியில் மின்னோட்டத்துக்கு இடையூறு செய்யும் வெப்பமே, இங்கு அணுக்களின் அதிர்வால் அலைகளின் ஒத்திசைவைக் குலைத்து, எலெக்ட்ரானை இடம்விட்டு இடம் தாவச் செய்கிறது. ஆகவே, இந்தக் கைதிக்குப் பிணை வேண்டுவோர் வழக்கறிஞரை விடுத்து அடுப்பை நாடுவதே முறை.