துடைப்பம் பிடித்தால் ஜெர்மன் வரும்

ஸ்டுட்கார்ட்
சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாய்ஸ் மெசேஜ் கிடைத்தது. பாப்பாவை இந்திராநகர் சி.எம்.எச். ரோடு மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே, "நீயும் அங்கதானே படிச்ச, இப்ப சரளமா பேசறியா?" என்று ஒரு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில்: சேர்த்துவிடு. இரண்டாவதுக்குப் பதில் கொஞ்சம் நீளம், காபி போட்டுக்கொண்டு வந்து படி.

இங்கே பாஷைக்குப் படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறார்கள். ஏ1-ல் ஆரம்பித்து சி2-ல் முடிகிறது, மொத்தம் ஆறு படி. நான் ஏ1 பாஸ். அப்பா ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாரே, அதேதான். அதற்குப் பிறகு படிக்க வருகிறது, எழுத வருகிறது, வாயைத் திறந்தால் மட்டும் காற்றுதான் வருகிறது. என்னைப் போன்றவர்களுக்கென்றே 'ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்த தொடக்கநிலையினர்' என்று மாலை வகுப்பு நடத்துகிறார்கள். என்னோடு சேர்ந்த சிரியாக்காரர், பிரேசில்காரி எல்லோரும் மேல் வகுப்புக்குப் போய்விட்டார்கள். நான் அந்த வகுப்பின் நிலைய வித்வான்.

இலக்கணத்தில் நான் மோசமில்லை. துணை வாக்கியத்தில் வினையைக் கடைசியில் வை என்றதும் பிரேசில்காரி தவித்துப்போனாள். நமக்கு அது பிறவிப் பழக்கம். ஆனால் உயர்திணை, அஃறிணை என்று நிம்மதியாக வளர்ந்தவனிடம் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டுமில்லை என்றால் எப்படிச் சாப்பிடுவது?

இதில் இன்னொரு கஷ்டம். பெங்களூரில் கற்றது சுத்தமான ஜெர்மன். வந்து இறங்கியதோ வட்டார வழக்கு பேசுகிற ஸ்வாபியர் ஊர். ரேடியோ செய்தியைக் கேட்டுத் தமிழ் கற்றவனை நாகர்கோவில் மீன் சந்தையில் இறக்கிவிட்ட மாதிரி. எங்களுக்கு எல்லாம் வரும், சுத்த ஜெர்மன் மட்டும் வராது என்று இந்த மாநிலமே 1999-ல் விளம்பரம் போட்டுச் சொன்னது. அரசாங்கமே இப்படிப் பெருமையடித்துக்கொண்டால் நான் எந்த ஆபீஸில் போய் மனு கொடுப்பது?

ஆகையால் எனக்கு வந்திருக்கிற பேச்சு ஜெர்மன் முழுவதும் மாடிப்படியில் வந்தது. சொல்கிறேன் கேள்.

இங்கே 'கேர்வோகெ' என்று ஒன்று உண்டு, பெருக்கும் முறை. அந்தப் பெயர் எழுதின சின்னப் பலகை நம் கதவில் வந்து தொங்கினால் அந்த வாரம் படி பெருக்குவது நம் பொறுப்பு. முடித்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டணும். 1492-ல் எபர்ஹார்ட் என்ற கோமகன் காலத்து ஊர்ச் சட்டத்திலேயே வாராவாரம் குப்பையை அகற்றச் சொல்லியிருக்கிறார்கள். அதே வருஷம் இந்தியாவைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் வழி தவறிப்போனார். எபர்ஹார்டின் உத்தரவு மட்டும் ஐந்நூறு வருஷம் கழித்து ஓர் இந்தியனைச் சரியாகத் தேடிப் பிடித்துவிட்டது. 1988-ல் நகராட்சி அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியும் பிரயோஜனமில்லை. வீட்டுக்காரர்கள் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

இதிலும் சின்னது, பெரியது என்று இரண்டு. சின்னது என்றால் நம் வாசலும் நம் பங்குப் படிகளும். பெரியது என்றால் நடைபாதை, முற்றம், நிலவறை, குப்பைத்தொட்டி வைக்கிற இடம் எல்லாம். பனி பெய்தால் வேலை நாட்களில் காலை ஏழு மணிக்குள் வாசலில் வழி செய்து வைக்கணும். சனிக்கிழமைக்குள் எல்லாம் முடியணும், ஞாயிறு அமைதி நாள். அன்றைக்குச் சத்தம் கேட்கிற மாதிரிப் பெருக்கினாலும் குற்றம், பெருக்காமல் விட்டிருந்தாலும் குற்றம். படிதான் பளிச்சென்று இருக்கிறதே என்று கேட்காதே. பளிச்சென்று இருக்கிற படியைத்தான் பெருக்கணும். அதை நாலு பேர் பார்க்கவும் வேணும், அதனால் துடைப்பக் கட்டை மாடிப்படிக் கைப்பிடியில் 'டொக் டொக்' என்று இடிபடும்படி பெருக்குகிறேன். பெங்களூரில், நம் அல்சூர் வீட்டில், துடைப்பத்தைத் தாண்டிப்போனதற்கே திட்டு வாங்கியவன் நான். இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிவைக்காதே, அடுத்த லீவுக்கு வரும்போது வேலை காத்திருக்கும்.

டொக் டொக் கேட்டதும் கீழ்வீட்டு அம்மாள் வெளியே வருவார். எண்பது வயதுக்குக் குறையாது. வாசல் கதவைப் பற்றி ஆரம்பிப்பார். ராத்திரி பத்து மணிக்கு மேல், காற்றடிக்கிற நாளில், மேல்வீட்டுக் குழந்தை தூங்குகிற நேரத்தில் என்று வாக்கியம் ஓடிக்கொண்டே இருக்கும். கதவைத் திறக்கணுமா மூடணுமா என்பது கடைசித் துண்டில்தான் இருக்கிறது. அது வந்து சேருவதற்குள் என் தலை ஆடிவிடும். நம் தலையாட்டல்தான் தெரியுமே. அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாரா இல்லை என்று எடுத்துக்கொண்டாரா என்பது மறுநாள் கதவில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்தால் தெரியும். சீட்டு மட்டும் சுத்தமான ஜெர்மனில் இருக்கும். திட்டுதான், ஆனால் வரிக்கு வரி புரியும். வகுப்பில் படித்தது வீண் போகவில்லை என்று அவ்வளவு சந்தோஷம்!

விளையாட்டில்லை அக்கா, இந்த ஊரில் என்னோடு விடாமல் ஜெர்மன் பேசுகிற ஒரே ஜீவன் அவர்தான். பேக்கரியில் வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டு போய் நின்றால் பாதியிலேயே இங்கிலீஷுக்கு மாறிவிடுகிறார்கள். ஆபீஸிலும் அப்படியே. நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு பேச்சு வளர்வதில்லை. நம் ஊரிலோ அம்மா அல்சூர் மார்க்கெட்டில் காய்க்காரரிடம் கன்னடம், பூக்காரியிடம் தெலுங்கு, ஆட்டோக்காரரிடம் உருது என்று பேரம் பேசுவாளே, அதில் பாதி தமிழ்தான். யாராவது அவளிடம் சர்டிபிகேட் கேட்டார்களா? அவர்களும் பாதித் தமிழில் பதில் சொல்லி, 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்று கொத்தமல்லியைப் போட்டு அனுப்புவார்கள். ஒரு பாஷையைத் தப்பாகப் பேசியும் ஒரு ஊரில் வாழ முடிவது பெரிய விஷயம் என்று அங்கே இருந்தவரை எனக்குத் தோன்றவே இல்லை, எல்லா ஊரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

பேசாமல் விடவும் முடியாது. என்னைப் போல ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதியில் வந்தவன் ஏ1 வைத்துக்கொண்டு 27 மாதத்தில் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். பி1 பாஸ் என்றால் 21 மாதம். இரண்டு படி ஏறினால் ஆறு மாதம் லாபம். அப்பா இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு என்னை விரட்டுகிறார். மைக்கோ என்ற ஜெர்மன் கம்பெனித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், ஜெர்மன் என்றால் மெஷின் மாதிரி ஸ்விட்ச் போட்டால் ஓடும் என்று நினைக்கிறார். எம்.ஜி. ரோடு வரை நடந்துபோய் அங்கே நிற்கிற கிட்டல் சிலையைப் பார்த்துவிட்டு வரச் சொல். அந்த ஜெர்மன்காரர் நம் பக்கம் வந்தது 1853-ல், கன்னட அகராதி வெளிவந்தது 1894-ல். யாரும் அவரை வீடியோ காலில் கூப்பிட்டு அவசரப்படுத்தவில்லை.

போன வாரம் கீழ்வீட்டு அம்மாள் படியை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். திட்டாமல் விட்டாலே பாராட்டினதாக அர்த்தம் என்று இந்த ஊரில் ஒரு பழமொழி உண்டு. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வாரம் முழுவதும் ஒரு வார்த்தை ஜெர்மன் பேசவில்லை. அதனால் இன்றைக்குக் கீழ்ப்படி மூலையில் நாலு இலையை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன். மணி பதினொன்று ஆகப்போகிறது, அவர் கடைக்குக் கிளம்பும் நேரம். கீழே போய் நிற்கணும், மீதி அடுத்த கடிதத்தில்.

அத்தானுக்கு என் அன்பு. பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டிவிடு.

உன் தம்பி